வெள்ளிக்கிழமையே பொங்கவேண்டிய பால்

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில், தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் காலையிலிருந்தே தங்கமலருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேத்தண்ணியை ஊற்றினாள், குடிக்க மறந்தாள். விடிந்தால் சனிக்கிழமை. நோராவை மேல்மாடியிலிருந்து கீழே புது அறைக்கு மாற்றும் நாள்.

நோரா அயர்லாந்துக்காரி. டேனிஷ் மாலுமி ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்து, அவரை அடக்கம் செய்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். ஊரின் கிழமை நம்பிக்கைகள் மட்டும் அவரை விட்டபாடில்லை. திங்களில் புதைகுழி தோண்டக்கூடாது என்பார். ஏரோது குழந்தைகளைக் கொன்ற நாளென்று அவர் ஊரில் அஞ்சும் டிசம்பர் இருபத்தெட்டு எந்தக் கிழமையில் விழுகிறதோ, அடுத்த வருடம் முழுவதும் அந்தக் கிழமையில் எதையும் தொடங்கமாட்டார். சனியில் குடிபோனால் அந்த வீட்டில் இருப்பு நீளாது என்பார். போதாக்குறைக்குப் போன டிசம்பரில் அந்த நாளும் சனியிலேயே வந்து தொலைத்திருந்தது.

"என்னைச் சாகக் கொண்டு போறியள்" என்று நோரா டேனிஷில் முனகியபோது மற்றவர்கள் சிரித்தார்கள். தங்கமலரால் முடியவில்லை. வீட்டுக் கதவின் திறப்புக் கையில் கிடைத்த அவசரத்தில் அவளும் ஒரு சனிக்கிழமைதான் கணவன் சிவானந்தனோடு புதுவீட்டுக்குப் போனாள். அடுத்த பனிக்காலத்துக்கு அவர் இல்லை. இன்னொரு சனிக்கிழமையை எப்படித் தாங்குவாள்?

பொறுப்பாளரிடம் கெஞ்சினாள். சாமான் தூக்குகிறவர்கள் சனியன்றுதான் வருவார்கள் என்று அவர் கையை விரித்துவிட்டார்.

மத்தியானம் ஒரு வழி தோன்றியது. இன்றே அந்த அறையில் பால் காய்ச்சிவிட்டால், குடிபுகுந்தது வெள்ளி. நாளை போவது வெறும் சாமான். கூட வேலை செய்யும் மிரியத்தைக் காவலுக்கு நிறுத்தினாள்.

"அக்கா, நான் பெந்தகொஸ்தேக்காரி. என்னை ஏன் இதுக்குள்ளை இழுக்கிறியள்?"

"நீ கதவைப் பார். பாலை நான் பாக்கிறன்."

பால் பொங்கி வழிய வேண்டுமே என்று மின்னடுப்பின் முன் தவித்து நின்றாள். வழிந்தது, கருகிப் புகைந்தது. கூரையில் அபாயமணி அலறியது. லிஃப்ட் நின்றுபோக, நோராவை இரண்டுபேர் அவர் உட்கார்ந்திருந்த கதிரையோடு தூக்கித் தோட்டத்தில் வைத்தார்கள்.

வேலை போனால் போகட்டும் என்று தங்கமலர் அவர் காலடியில் மண்டியிட்டு, எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

"பால் பொங்கினதோ?" என்று கேட்டார் நோரா.

"ஓம். கருகியும் போச்சு."

"அப்ப வெள்ளி முடியமுன்னம் என்னை அந்த அறைக்குக் கொண்டு போ. இனி மேலை ஏறமாட்டன்."

லிஃப்ட் மறுநாள்தான் ஓடும் என்றார்கள். பொறுப்பாளர் தங்கமலரை முறைத்துவிட்டு, புது அறைக் கட்டிலுக்கு விரிப்பு எடுத்துவரச் சொன்னார்.

சனிக்கிழமை லீவு. இருந்தும் தங்கமலர் சைக்கிளில் ஓடிவந்து கதவிடுக்கால் எட்டிப் பார்த்தாள். அலுமாரியைக் கோணலாக வைத்தவர்களை நோரா ஏசிக்கொண்டிருந்தார். பார்த்தும் மனம் ஆறவில்லை. ஞாயிறும் வாறன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.