மாற்றுப்பணிப் பட்டியல்

ராஜகுமாரிக்குக் கையெழுத்து நன்றாக வரும். சங்கரன்கோவிலில் அவள் வேலை பார்க்கும் பேருந்துப் பணிமனையில், தொழிற்சங்கத்துக்காரர்கள் அவளைக் கமிட்டியில் சேர்த்துக்கொண்டதற்கு முதலில் அதுதான் காரணம். மனு எழுத ஆள் வேண்டும். எழுதியதை அதிகாரி முன்னால் திக்காமல் வாசிக்கவும் ஆள் வேண்டும்.

இளையரசனேந்தல் பக்கம் ஒரு மானாவாரி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு கல்யாணம். கணவன் ஓட்டுநர். மஞ்சள் காமாலை முற்றி அவன் போனபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. கருணை அடிப்படையில் அதே பணிமனையில் எழுத்தர் வேலை கொடுத்தார்கள். பத்தொன்பது வருஷமாக ஓட்டுநர்களின் விடுப்பு விண்ணப்பம் எல்லாம் அவள் மேஜையைத் தாண்டித்தான் போகிறது. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மூலம், எவன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனதை வயிற்றுவலி என்று எழுதிக் கொடுக்கிறான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான்கு ஓட்டுநர்கள் வண்டி எடுக்க முடியாத நிலைக்கு வந்தார்கள். ஒருவருக்கு இருதய ஆபரேஷன் ஆகியிருந்தது. ஒருவருக்குச் சர்க்கரையால் கால்விரலை எடுத்திருந்தார்கள். ரிபாயிக்கு முழங்கால் தேய்ந்து கிளட்சை மிதிக்க முடியவில்லை. ஆறுமுகச்சாமிக்கு முதுகுத்தண்டில் வட்டு விலகியிருந்தது. நான்கு பேருக்கும் உட்கார்ந்து பார்க்கிற மாற்றுப்பணி வேண்டுமென்று சங்கம் கேட்டது. இரண்டு மாதம் இழுத்தடித்துக் கடைசியில் கிளை மேலாளர் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்.

அந்த மேலாளர் கெட்ட மனிதர் இல்லை. ஓட்டுநர் பற்றாக்குறையால் தினமும் மேலிடத்தில் வசவு வாங்கிக்கொண்டிருந்தவர்.

"டீசல் போடுற இடத்துல ஒண்ணு, டைம் ஆபீஸ்ல ஒண்ணு, கேட்ல ஒண்ணு. இப்போதைக்கு மூணு பேருக்குத் தாரேன். மிச்சம் ஒருத்தர அடுத்தாப்ல பாப்போம்" என்றார். "பேர நீங்களே குடுத்துருங்க. நான் குடுத்தா ஆள் பாத்துக் குடுத்தான்னு சொல்லுவீங்க."

சங்கச் செயலாளர் சுடலைராஜ் வெளியே வந்ததும் கையைத் தட்டினான். "ஜெயிச்சிட்டோம்க்கா!"

"நாலுல ஒருத்தர விடணுமே, யார விட?"

அவன் முகம் சுருங்கியது. "நீங்களே எழுதிருங்கக்கா. உங்களுக்குத்தான் எல்லார் சீக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டு, போன் வந்ததுபோலத் தள்ளிப் போய்விட்டான்.

முதல் இரண்டு பெயரை எழுதுவதில் சிரமம் இல்லை. மூன்றாவது இடத்தில் பேனா நின்றது. ரிபாயியின் முழங்காலா, ஆறுமுகச்சாமியின் முதுகா? இரண்டு பேரின் டாக்டர் சீட்டையும் எடுத்து வைத்துப் பார்த்தாள். முதுகுதான் மோசம் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் ரிபாயி பெயரை விட்டால் மறுநாள் காலையில் அவள் மேஜை முன்னால் நின்று ஊரைக் கூட்டுவான். ஆறுமுகச்சாமி அப்படிப்பட்டவர் இல்லை. லீவு கேட்டு வந்தால்கூட, பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னே விட்டுவிட்டுக் கடைசியாக நிற்கிறவர். அவரிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ரிபாயி பெயரை எழுதினாள்.

ஒப்பந்தத்தை மேலாளர் அறையிலேயே அடித்துக் கொண்டுவந்தார்கள். 'சங்கம் அளித்த பட்டியலின்படி மூவருக்கு மாற்றுப்பணி வழங்க இரு தரப்பும் ஒப்புக்கொள்கிறது' என்று இருந்தது.

"சார், இப்போதைக்குன்னு ஒரு வார்த்த சேத்துக்கிடலாமா?"

"நமக்குள்ள என்ன மேடம்? நான் இங்கனதான இருக்கேன்" என்று மேலாளர் சிரித்தார். சுடலைராஜ் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தான். அவளும் போட்டாள்.

மறுநாள் ஆறுமுகச்சாமியைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் இடுப்பு பெல்ட்டைச் சட்டைக்கு மேலேயே இறுக்கிக் கட்டியிருந்தார்.

"அடுத்தாப்ல கண்டிப்பா உங்களுக்குத்தான் அண்ணாச்சி."

"சரிம்மா" என்றார். அவ்வளவுதான். புளியங்குடி வழியாக வாசுதேவநல்லூர் போகிற வண்டியை எடுக்கப் போய்விட்டார்.

மூன்றாவது மாதம் மேலாளருக்கு மாறுதல் வந்தது. எட்டாவது மாதம், புளியங்குடி பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்த ஆறுமுகச்சாமியால் சீட்டிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. எலுமிச்சை மூட்டை தூக்குகிற ஆட்கள் நான்கு பேர் வந்து அவரைக் கீழே இறக்கினார்களாம். வலியில் அவர் சத்தமே போடவில்லை என்று கண்டக்டர் வந்து சொன்னார்.

திருநெல்வேலியில் ஆபரேஷன் நடந்தது. இடது பாதத்தில் உணர்வு திரும்பவில்லை. இனி வண்டி ஓட்டத் தகுதியில்லை என்று மருத்துவக் குழு எழுதிவிட்டது.

அந்தச் சீட்டோடு ராஜகுமாரியும் சுடலைராஜும் புது மேலாளரைப் பார்க்கப் போனார்கள். இளவயதுக்காரர். முழுவதும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஃபைலைத் திறந்து அந்த ஒப்பந்தத்தை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"மூணு பேருக்குன்னு நீங்கதான் ஒத்துக்கிட்டிருக்கீங்க. லிஸ்டும் உங்க கையெழுத்துல இருக்கு. இவர் பேர் இதுல இல்லையே."

"இப்போதைக்கு மூணுன்னுதான் சார் சொன்னாங்க."

"எங்க எழுதியிருக்கு?"

சுடலைராஜ் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும், "கேஸ் போடலாம்க்கா, சட்டம் நம்ம பக்கம்தான்" என்றான். கேஸ் முடிவதற்குள் ஆறுமுகச்சாமி ஓய்வு பெறுகிற தேதி வந்துவிடும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

மருத்துவக் காரணத்தால் பணியிலிருந்து விடுவிக்கிற உத்தரவு வந்தது. தபாலில் போகட்டும் என்றார்கள். ராஜகுமாரி கேட்கவில்லை, குருவிகுளம் பஸ் ஏறி, அவர் வீட்டுக்குத் தானே கொண்டுபோனாள்.

ஆறுமுகச்சாமி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அவர் மனைவி முத்துமாரியம்மாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உத்தரவை வாங்கி அவரிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டுத் தலையணைக்குக் கீழே வைத்தார்.

"ஒண்ணு கேக்கணும்மா. அன்னைக்கு எம்பேர ஏன் விட்டிய?"

ஸ்கேன் ரிப்போர்ட் வரவில்லை, சீனியாரிட்டி பார்த்தோம் என்று வழி நெடுக எதையெதையோ யோசித்து வைத்திருந்தாள்.

"நீங்க சண்டைக்கு வர மாட்டியன்னுதான் அண்ணாச்சி."

முத்துமாரியம்மாள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார் ஆறுமுகச்சாமி. "நீங்க வாயால சொல்லுதியளான்னுதான் கேட்டேன்."

"எந்திரிங்கம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சி" என்றாள் முத்துமாரியம்மாள். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. ராஜகுமாரி எழுந்து நிறுத்தத்தில் போய் வெயிலில் நின்றாள்.

கமிட்டியிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தாள். சுடலைராஜ் அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டான். வேறு ஆள் கிடைக்கவில்லை. இந்தச் சித்திரையில் மறுபடி இரண்டு பேர் விண்ணப்பம் கொடுத்தார்கள். மறுபடி அவளைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். கேட்டில் இருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார், ஓரிடம் காலி, பெயரை நீங்களே கொடுங்கள் என்றார் மேலாளர்.

"பேரு குடுக்க மாட்டோம் சார். ரெண்டு பேருக்குமே முடியல. ரெண்டு பேருக்கும் குடுங்க. இல்ல, யாருக்குக் குடுக்கணும்னு டாக்டர் சீட்டப் பாத்து நீங்க முடிவு பண்ணுங்க" என்றாள்.

மேலாளர் குறித்துக்கொண்டார். மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். ஆனி பிறந்தும் பதில் இல்லை. கேட்டில் வெளியாள் ஒருவரை ஒப்பந்த ஆளாகப் போட்டுவிட்டார்கள்.

அந்த இரண்டு பேரில் மகாராஜன் என்பவர் ஒரு நாள் டூட்டி முடிந்து, மூச்சு வாங்கிக்கொண்டே அவள் மேஜைக்கு வந்தார்.

"ஒருத்தனாவது பொழச்சிருப்பம்லா? ஒரு பேர எழுதிக் குடுக்க உங்களுக்கு என்ன கேடு?"

பக்கத்து மேஜைக்காரர்கள் தலையைத் தூக்கவில்லை. ராஜகுமாரி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. விடுப்பு விண்ணப்பத்தை மேஜைமேல் போட்டுவிட்டுப் போனார். காரணம் எழுதவேண்டிய இடம் காலியாக இருந்தது.