க்ளெனிஸ் பேசாத இருபது நிமிடம்

கையில் ஸ்பானர் இருந்தால் ஸ்பானரோடு, தேநீர்க் கோப்பை இருந்தால் கோப்பையோடு, வேலிக்கு அப்பால் யார் தலை தெரிந்தாலும் க்ளெனிஸ் பாஸ்கோ கையை உயர்த்திவிடுவார். கோதுமை ஏற்றிப் போகும் லாரிகள் அவர் வீட்டைக் கடக்கும்போது ஹாரனைத் தொடும். வண்டிக்கு அடியில் படுத்திருந்தாலும் சரி, ஒரு கால் மேலே எழும்பி பதில் சொல்லும்.

இது தொழில் கொடுத்த பழக்கம். தென் ஆஸ்திரேலியாவின் வாலரூவில் இருபத்தாறு வருடம் சூப்பர்மார்க்கெட்டில் பில் போட்டவர். “எப்படி இருக்கே, கண்ணு?” என்று கேட்டுவிட்டு, பதிலை முழுக்கக் கேட்டுக்கொள்வார். அவர் வரிசை எப்போதும் நீளம். அவசரக்காரர்கள் அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்கள்.

ஓய்வு பெற்றதும் பின்னால் திறந்த தொட்டி உள்ள தன் பழைய ஹோல்டன் யூட் வண்டியின் எஞ்சினைப் பிரித்தார். யாரும் சொல்லித்தரவில்லை. சர்ச்சின் பழைய சாமான் கடையில் கிடைத்த ஒரு பழுதுபார்க்கும் புத்தகம்தான் துணை. ஒவ்வொரு அளவையும் மூன்று முறை எடுப்பார். ஒவ்வொரு முறைக்கும் முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். போல்ட்டுகள் முட்டை அட்டைகளில் இருக்கும். வால்வு ஸ்பிரிங்குகள் மஃபின் சுடும் தட்டில், வரிசை மாறாமல். அவர் கணவர் காலின் மஃபின் சாப்பிட்டு இரண்டு வருடமாகிறது. அதைப் பற்றி அவர் வாயைத் திறந்ததில்லை. பொதுவாகவே அவர் வாயைத் திறப்பதில்லை.

போன தடவை எஞ்சினைக் கெடுத்ததும் வந்தவர்களிடம் நின்று பேசும் இந்த மரியாதைதான். வால்வுகளைத் தூக்கிவிடும் மேடுகள் கொண்ட தண்டு ஒன்று எஞ்சினுக்குள் இருக்கிறது, கேம்ஷாஃப்ட். அது புதிதாக இருந்தால், முதன்முதலாக ஓட ஆரம்பித்ததிலிருந்து இருபது நிமிடம் வேகத்தை நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்குக் கீழே விடக்கூடாது. மெதுவாக ஓடினால் எண்ணெய் தெறித்து அதன் மேல் போதுமான அளவு விழாது, மேடுகள் தேய்ந்துவிடும். இதெல்லாம் க்ளெனிஸுக்குத் தெரியும். ஆனால் நான்காவது நிமிடத்தில் பழைய சக ஊழியர் ஒருத்தி தட்டு நிறைய ஸ்கோன் ரொட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். சத்தத்தில் அவள் பேச்சு கேட்கவில்லை. க்ளெனிஸ் எஞ்சினைத் தணித்துவிட்டு, அவளுடைய முழங்கால் ஆபரேஷன் கதையை முழுக்கக் கேட்டார். மூன்று வாரத்தில் எஞ்சின் டிக் டிக் என்றது. எண்ணெயில் இரும்புத் தூள் மினுங்கியது. எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டியதாயிற்று.

“அவ முழங்கால் இப்ப நல்லாருக்கு. என் எஞ்சின்தான் நொண்டிடுச்சு,” என்று அதையும் சிரித்தபடிதான் சொன்னார்.

அடிலெய்டிலிருந்து ஒருவர் அந்த யூட்டை விலைக்குக் கேட்டு மாதம் தவறாமல் போன் செய்கிறார். இரண்டாவது முறை எஞ்சினைக் கோத்து முடித்த அன்று க்ளெனிஸ் ஷெட் கதவில் சாக்பீஸால் எழுதினார்: ‘இதுவும் போனால் வண்டியைக் கொடுத்துவிடுவேன்.’ கீழே கையெழுத்தும் போட்டார்.

இந்த முறை எஞ்சினை வண்டியில் ஏற்றும் முன் வெளியே வைத்தே ஓட்டிப் பார்ப்பதென்று முடிவு. பழைய படகு டிரெய்லரின் இரும்பை வெட்டி ஒரு தாங்கி செய்தார். முன்னால் ரேடியேட்டர், பக்கத்தில் பாட்டரி, படகிலிருந்து எடுத்த பெட்ரோல் டின், டிராக்டரின் சைலன்சர். சனிக்கிழமை காலை, எதிர்வீட்டிலிருந்து உதவிக்குப் போன நானும் சேர்ந்து, துணி காயும் கொடிக்குப் பக்கத்தில் சிமென்ட் தரையில் அதை நிறுத்தினோம். டிரில்லால் எண்ணெய்ப் பம்பைச் சுழற்றி, உள்ளே எல்லா இடத்துக்கும் எண்ணெய் போன பிறகுதான் தீப்பொறியைப் பகிர்ந்து கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டினார். சூடு ஏறினால் ரேடியேட்டர் மேல் தண்ணீர் பீய்ச்ச நான் ஹோஸ் பைப்போடு நின்றேன். காலின் சமையலறைக் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

வாசல் கேட்டில் ஒரு அட்டை தொங்கியது: ‘பத்து மணியிலிருந்து இருபது நிமிடம் பேசமாட்டேன். மன்னிக்கவும். க்ளெனிஸ்.’

“நீயும் பேசாதே, கண்ணு,” என்றார் என்னிடம். “நீ கேட்டா நான் சொல்லிடுவேன்.”

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரே இருமலில் பிடித்துக்கொண்டது. ஆக்ஸிலரேட்டர் கம்பியைக் கையால் இழுத்து வேகத்தை ஒரே அளவில் பிடித்து வைத்தார். கொடியில் காய்ந்த தலையணை உறைகள் நடுங்கின. மரத்திலிருந்த கலாக் கிளிகள் மொத்தமாக எழுந்து பறந்தன.

இரண்டாவது நிமிடம் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. க்ளெனிஸின் இடது கை இடுப்பு வரை எழுந்து இறங்கிவிட்டது. ஏழாவது நிமிடம் தபால்காரப் பெண் ஜோஸி, “குட் மார்னிங், க்ளென்!” என்று கத்தினாள். அட்டையைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு போனாள். க்ளெனிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

பின்பக்கச் சந்தில் அட்டை இல்லை. பதினோராவது நிமிடம் பக்கத்து வீட்டு மெர்வ் அந்த வழியாக வந்தார், படகுத்துறையிலிருந்து, நண்டு வாளியோடு.

“க்ளென்! பதினெட்டு! வந்து பாரேன்!”

க்ளெனிஸ் கம்பியை விடவில்லை.

“என்ன, காது போச்சா? பதினெட்டு நண்டு!”

காலின் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். மெர்வ் காலினைப் பார்க்கவே இல்லை.

“ஓ, கோவமா? போன வாரம் உன் ஏணியைத் திருப்பித் தரலைன்னுதானே? நாளைக்கே தரேன்மா! காலின், உன் பொண்டாட்டிக்கு என்ன ஆச்சு? இவ பேசாம இருந்து நான் பார்த்ததே இல்ல. டாக்டரைக் கூப்பிடு!”

க்ளெனிஸின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின. கை அசையவில்லை. சூடு காட்டும் முள் ஏறியது, நான் தண்ணீர் பீய்ச்சினேன். காலின், ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக, தரையில் சாக்பீஸால் மூன்றாவது கோடு போட்டார்: பதினைந்து.

மெர்வ் வாளியைக் கீழே வைத்தார். அவருக்கு நண்டைவிடப் பெரிய சேதி ஒன்று இருந்திருக்கிறது.

“சரி, கோவமாவே இரு. ஆனா இதைக் கேட்டுக்கோ. விடியக்காலைல போன் வந்துச்சு. நம்ம ட்ரூடிக்குக் குழந்தை பொறந்துடுச்சு!”

ட்ரூடி அவருடைய மகள். அந்தக் குழந்தைக்காக க்ளெனிஸ் ஆறு மாதமாக ஒரு போர்வை பின்னிக்கொண்டிருக்கிறார், எஞ்சின் வேலைக்கு நடுவே, ஒவ்வொரு முறையும் கை கழுவிவிட்டு.

எஞ்சின் சத்தம் ஒரு கணம் தணிந்தது. காலின் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். அதற்குள் க்ளெனிஸ் கம்பியை இழுத்துவிட்டார். சத்தம் பழைய இடத்துக்குத் திரும்பியது. கண்ணீர் கன்னத்தில் எண்ணெய்க் கறையோடு கலந்து இறங்கியது. துடைக்க ஒரு கை இருந்தும் துடைக்கவில்லை. காலின் மறுபடி விரலை உதட்டில் வைத்தார், மெர்வ் அப்போதுதான் அதைக் கவனித்தார். வாயை மூடிக்கொண்டு வேலியைப் பிடித்தபடி நின்றார். மூன்று நிமிடம் அவருக்குத்தான் நரகமாக இருந்திருக்கும்.

இருபது. காலின் கையைத் தூக்கினார். க்ளெனிஸ் கம்பியை மெல்ல விட்டார். எஞ்சின் மெதுவான ஐடிலிங் ஓட்டத்துக்கு இறங்கி, தையல் மெஷின் போல ஒரே சீராக ஓடியது. துடைப்பக் கட்டையின் ஒரு முனையை எஞ்சின் மேல் வைத்து மறு முனையைக் காதில் வைத்துக் கேட்டார். டிக் இல்லை. நிறுத்தினார். காலின் அடியிலிருந்த திருகைக் கழற்றி எண்ணெயை இறக்கினார். அந்தத் திருகின் நுனியில் ஒரு காந்தம் உண்டு. அதைத் தன் வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்து நீட்டினார். சாம்பல் நிறப் பசை மட்டும். மினுக்கம் இல்லை.

காலின் ஷெட் கதவுக்குப் போய், சட்டைக் கையால் அந்த வரியை அழித்தார்.

“க்ளென்! கொழந்தையைப் பத்திக் கேளேன்!” என்று துடித்தார் மெர்வ்.

“வரிசைல நில்லு, மெர்வ்.”

க்ளெனிஸ் ரோட்டுப் பக்கம் திரும்பினார். இரண்டாவது நிமிடத்திலேயே லாரி போய்விட்ட வெறும் ரோட்டைப் பார்த்துக் கையை உயர்த்தினார். “குட் மார்னிங், ஜோஸி,” என்றார் யாருமில்லாத கேட்டிடம். பிறகு வேலிக்கு வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தார். “பதினெட்டா? நல்ல சைஸ். எனக்குக் கோவமெல்லாம் இல்ல. ஏணி நாளைக்கு வந்தாகணும்.”

பிறகு, “அடுத்தவங்க வாங்க,” என்று எண்ணெய் வழியும் இரண்டு கைகளையும் வேலிக்கு மேலாக மெர்வின் வெள்ளைச் சட்டையை நோக்கி விரித்தார்.