பால் பவுசரும் சோதி அண்ணையும்

சோதி அண்ணையின் மனைவி பவளம் அக்கா தொலைபேசியில் அழைத்தபோது காலை ஆறு மணி. "நாயகம், அவர் எழும்பேல்லை" என்றார். மார்ச் மாதம், மேப்பிள் நீர் ஓடத் தொடங்கிய முதல் வாரம். முந்தின நாள் முழுவதும் அண்ணை பவுசரோடு அலைந்தது எனக்குத் தெரியும். "களைப்பா இருக்கும் அக்கா, நித்திரை கொள்ளட்டும்" என்றேன். அவர் அதையே திருப்பிச் சொன்னார். அப்போதுதான் அண்ணை போய்விட்டார் என்று எனக்கு விளங்கியது. ஒரு மனைவியிடம் அந்த நேரத்தில் அப்படியொரு பதிலைச் சொன்னேனே என்று இன்னும் மனம் குறுகுறுக்கிறது.

திரு. சோதிலிங்கம் அவர்களை அஜின்கோர்ட்டில் சோதி அண்ணை என்றால்தான் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் தண்ணீர்ப் பவுசர், அதாவது தாங்கி பூட்டிய லொறி, ஓட்டியவர். ரொறொன்ரோவுக்கு வந்து, ஸ்காபரோவில் பார ஊர்திகள் திருத்தும் ஒரு யார்ட்டில் தாங்கி கழுவினார். அதே யார்ட்டில் நான் வெல்டிங் செய்யும் ஒட்டுவேலைக்காரன். என்னைவிட இரண்டே வயது மூத்தவர். ஆனால் அண்ணை என்றுதான் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். எதையும் மணந்து பார்க்காமல் வாயில் வைக்கமாட்டார். கலியாண வீட்டில் தண்ணீர்க் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய், மாப்பிள்ளை வீட்டாரின் முகத்தைச் சுருங்கவைத்த மனிதர்.

எங்கள் யார்ட்டின் பின்மூலையில் ஒரு பழைய பால் பவுசர் விலைப்படாமல் கிடந்தது. தொண்ணூற்று இரண்டாம் ஆண்டு முடியும் தறுவாயில், அதைப் பார்க்க ஒஷாவாவுக்கு வடக்கேயிருந்து வால்டர் என்ற விவசாயி வந்தார். மேப்பிள் மரத்து நீரைக் காய்ச்சி, பாகுபோன்ற இனிப்புப் பாணி எடுப்பவர். அந்த நீர் பார்வைக்கு வெறும் தண்ணீர்தான். நாற்பது குடம் காய்ச்சினால் ஒரு குடம் பாணி வரும். இரவில் உறைந்து பகலில் உருகும் ஐந்தாறு வாரங்கள்தான் அது ஓடும். வெயில் பட்டால் ஒரே நாளில் கெட்டுப்போகும். வால்டரின் ஒரு காடு வீட்டோடும், மற்றது இருபது மைல் தள்ளியும் இருந்தது. தூரத்துக் காட்டு நீரைப் பீப்பாய்களில் ஏற்றி ஏற்றி அவருக்கு அலுத்துவிட்டது. பவுசரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, வாங்கித் திருத்தி எடுக்கத் தன்னால் முடியாது என்று தலையாட்டினார்.

தண்ணீர்க் குழாயும் கையுமாக நின்ற அண்ணை, தன் ஆங்கிலத்தில் மூன்றே வசனம் சொன்னார். நான் வாங்குகிறேன். நான் கழுவுகிறேன். நான் ஓட்டுகிறேன்.

அவருக்கு மூளை பிசகிவிட்டதோ என்று எனக்குத் தோன்றியது. மாதா மாதம் சம்பளம் வந்த வேலையை விட்டார், கைச்சேமிப்பு முழுவதையும் போட்டார். இந்த நாட்டில் அவர் பெயரில் பதிவான முதல் பொருள் அந்தப் பவுசர்தான். வால்டர் ஒரு பருவம் மட்டும் பார்ப்பதாகச் சொன்னார். பாணியின் சுவையில் குறை வந்தால் அத்தோடு சரி.

குளிர்காலத்துச் சனி ஞாயிறெல்லாம் அந்தப் பவுசரோடுதான் போயிற்று. அண்ணை மேல்மூடி வழியே உள்ளே இறங்கி, சுவரில் கல்லாகப் படிந்திருந்த பால் கறையை வினாகிரி ஊற்றித் தேய்ப்பார். பழைய றப்பர் வளையம் எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார். றப்பர் பால் மணத்தை விடாதாம். நான் அடிவாயை வெட்டிப் பெரிதாக்கி, பம்ப் பொருத்தி, மூடியில் ஒரு காற்றுத்துளையும் வைத்தேன். அது இல்லாமல் உறிஞ்சினால் தாங்கி தகரப் பேணிபோல நசுங்கிவிடும். பால் பவுசருக்குள் தடுப்புச் சுவர்களும் கிடையாது. "முழுக்க நிரப்பினா அப்பிராணி. அரைவாசி எண்டால் பிரேக் பிடிக்கேக்க தண்ணி பின்னால இருந்து வந்து இடிக்கும்" என்று அண்ணை எச்சரித்தார்.

நான் ஒட்டிய இடத்தை அவர் இரண்டு முறை நிராகரித்தார். உள்ளே விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "நாயகம், உது கரடா இருக்கு. உதுக்குள்ள ஊத்தை போய்க் குந்தும். திருப்பி உரைஞ்சு விடும்" என்றார். பதினைந்து வருட வேலைக்காரனிடம் இப்படியா சொல்வது? இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் போய் உரைஞ்சுகொடுத்தேன்.

எல்லாம் முடிந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. தாங்கியின் உள்ளே முகம் தெரிந்தது. அண்ணைக்கு மட்டும் ஏதோ குறை. வெள்ளிக்கிழமையில் வீடு கழுவினால் சாம்பிராணி காட்டுவதுதானே வழக்கம்? ஒரு தட்டில் தணல் போட்டு, சாம்பிராணி தூவி, கம்பியில் கட்டி உள்ளே இறக்கினார். அரை மணித்தியாலம் மூடியும் வைத்தார். "இப்பதான் ஒரு லட்சணம்" என்றார். நான் கிறிஸ்தவ வேதக்காரன், மாதா கோயில் புகையில் வளர்ந்தவன். எனக்கும் அந்த மணம் பிடித்திருந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

மூக்கை நம்பி வாழ்ந்த மனிதருக்கு, பழகிய மணமும் ஒரு மணம்தான் என்பது தோன்றவில்லை.

பருவம் தொடங்கி, முதல் லோட் நீரை இறக்கிய இரண்டு நாளில் அடுத்ததோடு போனோம். காய்ச்சும் கொட்டகையில் வால்டர் கரண்டியும் கையுமாக நின்றார். காய்ச்சிய பாணியில் புகை மணம் அடித்தது. நாற்பது குடம் ஒரு குடமாகும்போது மணமும் நாற்பது மடங்காகிவிடும் அல்லவா? அடுப்புப் புகைதான் எங்கோ கசிந்து பாணியில் இறங்கிவிட்டது என்று அவர் முடிவுகட்டியிருந்தார். அடுப்பை அணைத்துப் புகைபோக்கியைக் கழற்ற, மகனை ஏணி கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

நான் அண்ணையின் காதுக்குள் சொன்னேன்: "வாயைத் திறவாதேங்கோ. அந்தாளே ஒரு காரணம் பிடிச்சிட்டார். அடுத்த லோட் சரியா வரும். இல்லாட்டி இண்டையோட எல்லாம் போச்சு."

அண்ணை என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "ஐஞ்சு கிழமைப் பருவத்தில அந்த மனிசன் பிழையில்லாத புகைபோக்கியைக் கழட்டப்போறார், நாயகம்" என்றார்.

பவுசரின் முன்னிருக்கையிலிருந்து சாம்பிராணிப் பேணியை எடுத்துவந்தார். சொல்ல ஆங்கிலம் போதவில்லை. அடுப்புத் தணலைச் சவளில் அள்ளி, ஒரு சிட்டிகை தூவி, வால்டரின் முகத்துக்கு நேரே நீட்டினார். பிறகு பவுசரைக் காட்டினார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டார். வால்டர் புகையை மணந்தார், கரண்டியை நக்கினார், மறுபடி மணந்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று வால்டர் கேட்டார். அண்ணை கொஞ்சம் யோசித்து, மரியாதைக்கு என்றார்.

வால்டர் சிரிக்கவில்லை. பருவத்தின் முதல் நீர்தான் மிகத் தெளிந்த பாணி தரும், அது போய்விட்டது. மகனைக் கூப்பிட்டு ஏணியைத் திரும்ப வைக்கச் சொன்னார். பிறகு எங்களிடம், கழுவிக்கொண்டு நாளை மறுநாள் வாருங்கள் என்றார். அவ்வளவுதான். இரண்டு நாளும் கை மரத்துப்போகும்வரை சுடுதண்ணீரில் கழுவினோம். விற்கமுடியாத அந்தப் பாணி அண்ணையின் வீட்டுக்கே வந்தது. பவளம் அக்கா எங்களை விடவில்லை. ஒரு வருடம் அவர் வீட்டில் பிட்டுக்கும் தோசைக்கும் அதுதான். "சாப்பிடுங்கோ, செய்த புண்ணியம்" என்பார்.

அதன்பின் வால்டர் ஒருநாளும் பவுசரைச் சோதித்ததில்லை. முற்றத்தில் நின்றபடி, சுத்தமா என்று கேட்பார். அண்ணை ஓம் என்றால் ஏற்றலாம். சில நாள் அண்ணை இல்லை என்பார், வால்டர் காத்திருப்பார். ஆறு பருவம் அப்படித்தான் போயிற்று. கோடையில் அதே பவுசர் மார்க்கம் பக்கத்து நீச்சல் குளங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனது. அண்ணை மிக மகிழ்ச்சியாக இருந்த வருடங்கள் அவை. அவரோடு கூடித் திரிந்த எனக்கும்தான்.

இறுதிக்கிரியைக்கு வால்டர் கறுப்புக் கோட்டோடு வந்து, கடைசி வரிசையில் கைகட்டி நின்றார். மூன்றாம் நாள் பவுசரை நான் எடுத்துக்கொண்டு போனேன். மரம் யாருடைய துக்கத்துக்கும் காத்திருக்காது. அதற்கு முந்தின நாள் தாங்கியைக் கழுவினேன். நீர் ஏற்றும் நீளக் குழாயைக் கழுவவில்லை. மனமும் இல்லை, உடம்பும் ஏலவில்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்று சுருட்டிப் போட்டுவிட்டேன்.

வால்டர் முற்றத்துக்கு வந்தார். ஏணிப் பக்கம் போகவில்லை. என்னைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார்.

ஓம் என்ற சொல் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், இருந்தது.

தாங்கி சுத்தம், குழாய் கழுவவில்லை என்றேன். அந்த நேரம் பார்த்துத் தூரத்துக் காட்டிலிருந்து கொட்டகைத் தொலைபேசிக்கு அழைப்பு வந்தது. அங்கே தொட்டி நிரம்பி நீர் நிலத்தில் வழிகிறதாம். வால்டர் கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தார். வீட்டுக்குள் போய்ச் சுடுதண்ணீர் கொண்டுவந்தார். குழாயின் ஒரு முனையை அவர் பிடித்தார், மற்றதை நான் பிடித்தேன். கழுவி முடிக்க ஒரு மணித்தியாலம் ஆனது. நான் அழுதுகொண்டிருந்தேன்.

அண்ணை, அன்று உங்களை வாயைத் திறக்கவேண்டாம் என்று மறித்தவன் நான். இன்று நானே திறந்துவிட்டேன். பவுசர் சுத்தமாக இருக்கிறது. நீங்கள் போய்வாருங்கள்.