ஒரே எண்ணில் இரண்டு வெர்ஷன்

லினெட் நான்கிவெல்லுக்குக் கோபம் வரவழைக்கிற விஷயங்கள் உலகத்தில் இரண்டுதான். ஒன்று, இறைச்சி பொதிந்து சுடுகிற பேஸ்டிக்குள் கேரட் வைப்பது. மற்றது, வெளியே விட்ட புரோகிராம் வெர்ஷனில் கை வைப்பது. முதலாவதற்கு முகத்தைச் சுளிப்பாள். இரண்டாவதற்கு ஆளையே உரித்துத் தொங்கவிட்டுவிடுவாள்.

தென் ஆஸ்திரேலியாவில் எங்கள் கடலோர ஊரான கோவெலில் அவளை எல்லாருக்கும் தெரியும். அவள் செய்கிற வேலை என்னவென்று முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அடிலெய்டில் நில அளவைக்காரர்களிடம் கணக்கு வேலையில் இருந்தவள், அப்பா படுக்கையில் விழுந்ததும் ஊருக்குத் திரும்பினாள். அப்பா போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டாள். எங்கள் வளைகுடாவில் டாட்ஜ் என்று ஒன்று வரும். அன்றைக்குக் கடல் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி நாள் முழுக்க அப்படியே நிற்கும். கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று சொல்ல வெளியூர்க்காரர்கள் எழுதிய ஓதப் புரோகிராம்களெல்லாம் அந்த நாளில் உளறிக்கொட்டின. அதைப் பொறுக்காமல் லினெட் தானே ஒன்று எழுதினாள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், தப்பு இருந்தால் யாரும் திருத்தி அனுப்பலாம் என்று இணையத்தில் வைத்தாள். சல்லிக்காசு வருமானம் கிடையாது. ஆனால் டார்வினில் இறால் படகுக்காரர்களும், கிரிபாட்டித் தீவுநாட்டில் ஒரு துறைமுகமும், ஸ்காட்லாந்துத் தீவொன்றில் ஒரு பள்ளிக்கூடமும் அவள் கணக்கைப் பார்த்துத்தான் கடலுக்குப் போனார்கள்.

புரோகிராமைவிட அவளுக்குப் பெருமை அதன் வரலாற்றில்தான். ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ஓர் எண். எண்ணுக்குக் கீழே என்ன மாறியது, ஏன் மாறியது, யார் மாற்றியது என்று எழுதிவைப்பாள். "போன வெர்ஷனில் லீப் வருடத்தை மறந்தாயிற்று. மறந்தது நான். லி.நா." இப்படியே பத்தொன்பது வருடத்துச் சங்கதி அங்கே கிடந்தது. நான் சிப்பி பிரிக்கிற கொட்டகையில் கணக்கெழுதுகிறவள், அவளுக்குப் பக்கத்து வீடு. ஒருநாள் அவளைச் சீண்டினேன்.

"இதையெல்லாம் எவன்டி உட்கார்ந்து படிக்கப்போறான்?"

"எவனும் படிக்க மாட்டான். எதுனா முங்கிப்போனா மட்டும் படிப்பான்" என்றாள்.

புரோகிராம் எழுதுகிறவர்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஓர் எண்ணோடு ஒன்று வெளியே போய்விட்டால், அது தப்பாகவே இருந்தாலும் அதைத் தொடக்கூடாது. அடுத்த எண் போட்டு, "முன்னது தப்பு" என்று எழுதி, புதிதாக விடவேண்டும். ஒருவன் 4.1 என்று சொன்னால் உலகத்தின் எந்த மூலையிலும் அது ஒரே 4.1 ஆக இருக்கவேண்டுமாம். அவளோடு சேர்ந்து எழுதிவந்த டாஸ்மேனியாக்காரன் ஒருவன் எழுத்துப்பிழைதானே என்று பழைய எண்ணிலேயே சத்தமில்லாமல் திருத்திவிட்டான். லினெட் அவனை எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒரு பக்கத்துக்குத் திட்டி எழுதினாள். எனக்கே படித்துக்காட்டினாள். பாவம், அந்த ஆள் மன்னிப்புக் கேட்டுவிட்டு அந்தப் பக்கமே வராமல் போய்விட்டான்.

மெர்வுக்கு அடிபட்டது அதற்குப் பிந்திய மாதம்.

கெல்வின் நோஸ்கியும் மெர்வும் மாமன் மச்சான்கள். மெர்வின் அக்கா ஜோலீனைத்தான் கெல்வின் கட்டியிருக்கிறான். இரண்டு பேரும் ஒரே படகில் சிப்பிக் கூடைகளைப் பார்க்கப் போவார்கள். தண்ணீர் வற்றும்போது கம்பங்களில் கட்டிய கூடைகளைக் குலுக்கி, திருப்பிக் கட்டிவிட்டு, மணல்திட்டு தலைகாட்டுவதற்குள் திட்டைத் தாண்டி வந்துவிடவேண்டும். அன்று டாட்ஜ் முடிந்த மறுநாள். பழம் தின்று கொட்டை போட்ட ஆட்களுக்கே அந்த நாளில் கண் ஏமாறும். கெல்வின் கையிலிருந்த டேப்லெட் கணினியைப் பார்த்திருக்கிறான். லினெட்டின் புரோகிராம் இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறது. அரை மணி கையில் இருக்கிறதென்று இன்னொரு வரிசையையும் முடித்துவிட்டுத் திரும்பியபோது திட்டில் முழங்கால் ஆழம்கூட இல்லை. படகு தட்டிச் சாய்ந்தது. கூடைகளோடு கணினியும் கடலுக்குள் போயிற்று. மெர்வின் கால் படகுக்கும் கம்பத்துக்கும் நடுவே சிக்கிக்கொண்டது.

காலை எடுக்கவேண்டி வரவில்லை. ஆனால் அந்தக் காலோடு இனிமேல் படகேற முடியாது என்று அடிலெய்டு டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தாத மனிதர். எந்த வெர்ஷன் வைத்திருந்தாய் என்று கேட்டார். 4.2 என்றான் கெல்வின். அவர் கண்ணெதிரிலேயே 4.2-ஐ இறக்கி, அந்தத் தேதியைப் போட்டுப் பார்த்தார். அச்சடித்த ஓத அட்டவணை சொல்வதையே அதுவும் நிமிடம் பிசகாமல் சொன்னது. அரை மணி கூடுதலாக எங்கேயும் இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் குறித்துக்கொண்டார். அவர் சொல்லாததை ஊர் சொல்லிவிட்டது. கெல்வின் தண்ணியடித்துவிட்டு நேரத்தைக் கோட்டைவிட்டான், பழியை மெஷின் மேல் போடுகிறான் என்றது. கட்டினவளே அதை நம்பினாள். "என் தம்பி காலை முறிச்சுட்டு பொய் வேற சொல்றியா?" என்று கேட்டுவிட்டு ஜோலீன் மெர்வ் வீட்டில் போய் இருந்துகொண்டாள்.

மெர்வின் செலவுக்காக மைதானத்தில் சாசேஜ் சுட்டு விற்றோம். லினெட் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். கெல்வினை யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் வந்தான். நேரே அவளிடம் போய் நின்றான்.

"லினெட், நீயாச்சும் சொல்லு. உன் புரோகிராம்தானே அரை மணி இருக்குன்னு சொல்லுச்சு?"

"4.2 சரியாத்தான் இருக்கு கெல்வின்" என்றாள், வாணலியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நானே நூறு வாட்டி பார்த்துட்டேன்."

யாரோ சிரித்தார்கள். "போதும்டா, போய்த் தூங்கு" என்றது ஒரு குரல்.

"நீதானே கூப்பிட்டுச் சொன்ன?" கெல்வினின் குரல் கம்மிப்போனது. "புதுசு விட்டிருக்கேன், போட்டுக்கோன்னு. போனை வச்ச கையோட போட்டேன். அதுக்கப்புறம் அதைத் தொட்டதுகூட இல்ல."

லினெட்டின் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். வெங்காயம் கருகுகிற வாசனை வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தாள். கெல்வின் அதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். போட்ட டீ ஆடை கட்டி அப்படியே இருந்தது. நான் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"4.2 ரெண்டு இருந்துச்சு."

"என்னடி சொல்ற?"

"முதல்ல விட்டதுல ஒரு கோளாறு. நம்ம ஊர்க் கடிகாரம் சிட்னிக்கு அரை மணி பின்னாடி இல்லியா? அந்த அரை மணியை விட்டுட்டேன். சொந்த ஊர்க் கணக்கையே தப்பாப் போட்டுட்டேன். கெல்வின்கிட்டப் பேசிட்டு வந்து பார்க்கிறேன், பளிச்சுன்னு தெரியுது. எத்தனை பேர் எடுத்திருக்காங்கன்னு பார்த்தேன். ஒருத்தரும் இல்லன்னு காட்டுச்சு. அந்த எண்ணிக்கை சாவகாசமாத்தான் வந்து சேரும், அதுவும் எனக்குத் தெரியும். கெல்வின் அதுக்குள்ள போட்டிருப்பான்னு தோணவே இல்ல. திருத்தினதை அதே எண்ணுல வச்சுட்டேன்."

"4.3-ன்னு விட்டிருக்கலாமேடி! அதைத்தானே ஊருக்கெல்லாம் சொல்ற?"

"அந்த டாஸ்மேனியாக்காரனைத் திட்டி அப்ப ஒரு வாரம்கூட ஆகல" என்றாள். "அவனைக் கிழிச்ச நானே தப்புப் பண்ணினேன்னு எப்படிப் போடுவேன்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊருக்கு உபதேசம் பண்ணுகிறவள் செய்கிற காரியமா இது? கெல்வினின் கணினி அந்த எண் ஏற்கெனவே இருக்கிறதே என்று புதிதாக எதையும் இறக்கவில்லை. அவனிடம் இருந்தது ஒரு 4.2, அதிகாரி பார்த்தது இன்னொரு 4.2. அவனுடையது கடலடியில் கிடக்கிறது. அவன் சொன்னது நிஜம் என்று சொல்லக்கூடிய ஒரே மனுஷி இந்தச் சமையலறையில் டீயை ஆறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"அப்ப சொல்லித் தொலை! அவன் குடும்பமே பிரிஞ்சு கிடக்குது."

"சொல்லணும். சொல்லத்தான் போறேன்." உள்ளங்கைகளை மேஜைமேல் அழுத்திக்கொண்டாள். "மெர்வ் கால் நான் பண்ணினது. கெல்வின் இல்ல, நான். இதை வாயால சொல்லிப் பார்க்கவே முடியல. அப்புறம் அந்த வரலாறு. பத்தொன்பது வருஷம். ஒரு வரி பொய்ன்னு ஆயிட்டா மிச்ச வரியெல்லாம் என்ன ஆகும்?"

"மிச்ச வரி நாசமாப் போகட்டும்" என்றேன். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் வாபஸ் வாங்கவில்லை.

அன்றைக்கே அவள் எழுதினாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். எழுதவில்லை. எழுதுவாள், அழிப்பாள், வாசலில் போய் நிற்பாள். நான் வேலைக்குப் போய்வந்தபோதெல்லாம் அதே நாற்காலியில்தான் இருந்தாள். அந்த வாரம் பூராவும் கெல்வின் தனியாகப் படகை இறக்கினான். உதவிக்கு ஓர் ஆள் போகவில்லை. கடையில் அவனுக்கு முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பேசவில்லை. அதைப் பார்த்துவிட்டு வந்து நான் லினெட்டிடம் சொன்னேன். அதற்குப் பிறகுதான் எழுதினாள்.

4.3 என்று ஒன்றை விட்டாள். புரோகிராமில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. மாறியதெல்லாம் வரலாறுதான். "4.2 என்ற எண்ணில் இரண்டு வெளிவந்தன. முதலாவது தென் ஆஸ்திரேலியாவிலும் டார்வின் பக்கத்திலும் ஓத நேரத்தை அரை மணி தள்ளிக் காட்டும். அதை நான் யாருக்கும் சொல்லாமல் மாற்றி வைத்தேன். அதை நம்பிப் போன படகில் ஒருவருக்குக் கால் ஊனமாயிற்று. படகோட்டியின் மேல் தவறில்லை. மாற்றியது நான். லினெட் நான்கிவெல்." முதல் தடவையாக முழுப்பெயர் போட்டிருந்தாள். பழைய 4.2-ஐயும் தேடி எடுத்து, தொடாதே என்ற எச்சரிக்கையோடு பக்கத்திலேயே வைத்தாள். அதிகாரிக்கு இரண்டையும் அனுப்பினாள். பிறகு மெர்வ் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். மெர்வ் கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஜோலீன் சாவியை எடுத்துக்கொண்டு கெல்வினைப் பார்க்க ஓடினாள்.

வெளியூர்க் கடிதங்கள் வர ஆரம்பித்தன. நன்றி சொன்னவர்கள் உண்டு, கரித்துக்கொட்டியவர்களும் உண்டு. கிரிபாட்டித் துறைமுகத்திலிருந்து மரியாதையாக ஒரு வரி வந்தது. இனி வேறு கணக்கை உபயோகிக்கப்போகிறோம், இத்தனை வருடத்துக்கு நன்றி என்று. அதைப் படித்துவிட்டுத்தான் லினெட் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அவள்மேல் இருந்த கோபம் போகாமலே அழுகை வருமென்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கெல்வினைப் பார்க்கப் போகத்தான் அவளுக்குக் கால் எழவில்லை. கடைசியில் படகுத்துறைக்குப் போனோம். டிராக்டரால் படகைக் கரையேற்றிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்து இஞ்சினை அணைத்தான். ஜோலீன் வீட்டுக்கு வந்துவிட்டாள், அதிகாரியும் அவன் மேல் தப்பில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டார். ஆனால் மனிதன் இளைத்துப்போயிருந்தான்.

"என்னை மன்னிச்சுடு கெல்வின்னு கேட்க வரல. கேட்கிற யோக்கியதை எனக்கில்ல. நேர்ல சொல்லணும்னு வந்தேன்" என்றாள் லினெட்.

அவன் கையுறையைக் கழற்றி உதறினான். ரொம்ப நேரம் உதறினான்.

"ஒண்ணு மட்டும் கேக்குறேன்" என்றான். "வேற எதையாச்சும் இப்படி மாத்தி வச்சிருக்கியா?"

"இல்ல கெல்வின். சத்தியமா இல்ல. இது ஒண்ணுதான்."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். மைதானத்தில் ஊரே அவனைப் பார்த்த அதே பார்வை.

"நானும் சத்தியமாத்தான் சொன்னேன், லினெட்" என்று சொல்லிவிட்டு டிராக்டரைக் கிளப்பினான்.