குறிப்புக் கட்டம்

இப்போது யார் வேண்டுமானாலும் இருந்த இடத்திலிருந்தே எங்கள் ஊரைப் பார்க்கலாம். கைப்பேசியில் பாறசாலை என்று அடித்து, இரண்டு விரலை வைத்து விரித்தால் போதும். ரயில் பாதை தெரியும், குளத்தூர் பக்கம் இறங்கும் சாலை தெரியும், எல்லை ஓடை தெரியும். பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே மாதிரி வாயைப் பிளக்கிறார்கள். "வீட்டுக் கூரை வரைக்கும் தெரியுதே!" கூரை தெரியும்தான். வரைபடம் போடுகிற வேலையிலேயே வயதைத் தொலைத்த எனக்கு அதைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது.

ஓடையை ஒட்டிப் போகிற அந்தச் சாலையில் ஓரிடத்தில் ஒரு சின்ன வளைவு இருக்கிறது. நேராகப் போய்க்கொண்டிருந்த சாலை, காரணமே இல்லாமல் வடக்கே ஒதுங்கி, மறுபடி நேராகிவிடும். வானத்திலிருந்து எடுத்த படத்துக்கு அது ஏன் என்று தெரியாது. எனக்குத் தெரியும். அந்த வளைவு என் கையால் வந்தது. அதற்கு அடியில் என் தங்கச்சி இருந்தாள்.

தங்கச்சி என்றால் என் சித்தியின் மகள், என்னைவிட ஆறு மாதம் இளையவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் சர்வே படித்தோம். வகுப்பில் பெண்கள் நான்கு பேர்தான். சங்கிலி பிடித்து அளப்பதிலும் கணக்குப் போடுவதிலும் நான் கெட்டிக்காரி. எழுத்து அவளுடையது. கள ஏட்டில் அவள் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும்.

கள ஏட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரத்தில் ஒரு கட்டம் உண்டு. 'குறிப்பு' என்று பெயர். பட்டியலில் உள்ள எந்தக் குறியீட்டிலும் அடங்காததை அங்கே எழுதலாம். யாரும் எழுத மாட்டார்கள், அவளைத் தவிர. 'இந்தக் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் உண்டு', 'இந்த வீட்டு நாய் கடிக்கும்', 'மரம் சரிந்துவிட்டது, அடுத்த மழைக்கு விழும்' என்று எழுதி வைப்பாள். வாத்தியார் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தருவார். நான் சிரிப்பேன். "இதையெல்லாம் யாருடீ வாசிப்பா?" என்று கேட்டால், "வாசிக்கேறவன் வாசிப்பான், ஒனக்கென்ன?" என்பாள்.

படிப்பு முடிந்த வருஷம் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. முதலில் நாட்டு மருந்து, பிறகு ஆஸ்பத்திரி. இரண்டு வாரம் தாங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவது குறைவு. வீட்டைச் சுற்றிய தோட்டத்தை விளை என்போம்; அந்தச் சொந்த விளையிலேயே, வீட்டுக்குத் தெற்கே வைத்து எரிப்போம். எலும்பு பொறுக்கிய பிறகு அந்த இடத்தில் ஒரு தென்னம்பிள்ளை நடுவோம். சித்தப்பா போனபோது நட்டது ஏற்கெனவே நெடுநெடுவென்று வளர்ந்து நின்றது. அதற்குக் கொஞ்சம் தெற்கே, வேலியை ஒட்டி, அவளுக்கு நட்டார்கள். கல்லறை கிடையாது, கல் கிடையாது, பெயர் கிடையாது. தென்னைதான் ஆள். சித்தி அரிசி கழுவின தண்ணீரை வேறு எந்த மரத்துக்கும் ஊற்றுவதில்லை. ஊற்றும்போது என்னவோ பேசுவாள். வெளியூர்க்காரன் பார்த்தால் கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்பான், எங்கள் ஊரில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

எனக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன வரைபட அலுவலகத்தில் வேலை கிடைத்தது. கணினிகள் அப்போதுதான் வந்துகொண்டிருந்தன. கிராமம் கிராமமாகப் போய் அளந்து, வீடு, கிணறு, குளம், மரம் எல்லாவற்றையும் தாளில் குறித்து, பிறகு அதைக் கணினிக்குள் ஏற்றுவோம். சில வருஷம் கழித்து எங்கள் ஊர்ப் பக்கமே அளக்க வேண்டி வந்தது. ஊர் தெரிந்தவள் என்று என்னை அனுப்பினார்கள். புறப்படும்போது மேலதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "சொந்த ஊரில் சர்வே போனால் மரமெல்லாம் சொந்தக்காரர்கள் ஆகிவிடும். பார்த்துக்கொள்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. என்னை ஒருவரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று அன்றைக்கே மனதுக்குள் வைராக்கியம் எடுத்துக்கொண்டேன். அந்த வயதில் வைராக்கியம் எடுப்பது சுலபம்.

சித்தியின் விளைக்குப் போனது ஒரு முற்பகல். விளையின் தெற்கு வேலிக்கு வெளியே ஒரு நடைபாதை. நடைபாதைக்கு அந்தப் பக்கம், ஓடைக்கரையில், ஒரு பாழுங்கிணறு. யாரும் தண்ணீர் எடுக்காமல் பாசி பிடித்துக் கிடந்தது. அதற்கப்பால் ஓடை, ஓடைக்கு அக்கரை தமிழ்நாடு. அங்கேயும் இதே மண்தான், இதே மரச்சீனிக் கிழங்குதான். ஆனால் எங்கள் தாள் கேரளத்துத் தாள், ஓடையோடு முடிந்துவிடும். அப்புறம் வெறும் வெள்ளை.

நான் அளப்பதைச் சித்தி பின்னாலேயே வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வேலியோரம் வந்ததும் தென்னையின் மேல் கையை வைத்து நின்றாள்.

"மக்கா, இத எழுதினியா?"

"எழுதறேன் சித்தி."

"வெறுதே எழுதாத. இது அவளாக்கும். செரியா எழுதணும், கேட்டியா?"

"எழுதியாச்சு சித்தி."

நான் எழுதியது 'தென்னை 1'. என்னிடம் இருந்த பட்டியலில் கோயில் உண்டு, பள்ளிவாசல் உண்டு, குருசடி உண்டு, கல்லறை உண்டு. கல்லறை என்றால் கட்டடம் இருக்க வேண்டும், இங்கே மரம் மட்டும்தான். பாழுங்கிணற்றுக்குத் தனிக் குறியீடு இருந்தது, போட்டேன். வலது ஓரத்தில் குறிப்புக் கட்டம் காலியாக இருந்தது. பென்சில் அதன் பக்கம் போனது. மேலதிகாரியின் சிரிப்பு ஞாபகம் வந்தது. சொந்தக்காரியின் மரத்துக்கு மட்டும் குறிப்பு எழுதினாள் என்று பேச்சு வரும். பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

அன்று மத்தியானம் சித்தி மரச்சீனியும் மீன்கறியும் வைத்துப் பரிமாறினாள். நன்றாகச் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது.

அலுவலகத்தில் ஒவ்வொரு புள்ளியாகக் கணினியில் ஏற்றியதும் நான்தான். தென்னை என்றால் பச்சை வட்டம். அவள் ஒரு பச்சை வட்டமானாள், ஆயிரக்கணக்கான பச்சை வட்டங்களுக்கு நடுவில். அந்த இடத்துக்கு வந்தபோது விரல் கொஞ்சம் நின்றது. பின்னால் வேலை குவிந்து கிடந்தது. அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

இரண்டு வருஷம் கழித்து நடைபாதையைச் சாலையாக்க முடிவானது. ஊரே கேட்ட சாலைதான், சித்தியும் கையெழுத்துப் போட்டிருந்தாள். குறுகலான இடம் அந்த ஒன்றுதான். ஓடைப் பக்கம் ஒதுங்கினால் கிணறு, விளைப் பக்கம் ஒதுங்கினால் தென்னை. ஓடையைத் தாண்ட முடியாது, அது வேறு மாநிலம். அதிகாரிகள் குறிக் குச்சிகளோடு வந்தபோது நானும் விடுப்பில் வீட்டில் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன்.

சித்தி தென்னையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. தெம்பாகத்தான் பேசினாள். அவள் கையில் ஆதாரம் இருக்கிறதே!

"படத்த எடுத்து நோக்குங்க சாரே. எனக்க பிள்ள அதில எழுதியிருக்கா. நான் நிக்கும்போதாக்கும் எழுதினா."

வந்த அதிகாரி நல்ல மனிதர். ஜீப்பின் முன்பக்கத்தில் படத்தை விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து நிதானமாகப் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார்.

"கிணறு உண்டு அம்மே. நீர்நிலையில் கைவைக்கக் கூடாது என்று உத்தரவு உண்டு. இது வெறும் தெங்கல்லே? வேறொன்றும் இதில் இல்லை. இந்தச் சர்வே எடுத்தது ஆரு?"

யாரோ என்னைக் காட்டினார்கள். அதிகாரி என்னைப் பார்த்தார். சித்தியும் பார்த்தாள். நான் வாய் திறந்திருக்கலாம். 'தவறு என்னுடையது, அது என் தங்கச்சி' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் படம் பொய் என்றாகும், பொய்ப் படம் போட்டவளுக்கு வேலை நிற்குமா என்று அந்த ஒரு நொடியிலும் கணக்குப் போட்டேன். கணக்கில் நான் கெட்டிக்காரி என்று சொன்னேன் அல்லவா.

சித்தி என் முகத்தில் எதைப் படித்தாளோ. தென்னையிலிருந்து கையை எடுத்தாள்.

"அவ எழுதினது செரியாக்கும் சாரே" என்றாள். "தெங்கு தான்."

சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். மறுநாள் வெட்டினார்கள். முதல் பாளை அப்போதுதான் வெளியே வந்திருந்தது. வேரைத் தோண்டி எடுத்து, குழியில் சரளையைக் கொட்டி, உருளை ஓட்டினார்கள். ஒரு வாரத்தில் அங்கே மரம் நின்றது என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போதைய இணையத்து வரைபடத்தில் 'விடுபட்ட இடத்தைச் சேர்க்க' என்று ஒரு வசதி இருக்கிறது. ஒருநாள் அந்த வளைவின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். என்ன வகை இடம் என்று கேட்டது. கடை, கோயில், பள்ளி, பேருந்து நிறுத்தம். வகையைச் சொல்லாமல் அடுத்ததற்குப் போக விடவில்லை. மூடி வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் அதே பட்டியல்தான், தாள்தான் இல்லை.

அந்தக் காலத்தில், சாலை முடிந்த பிறகு நான் பல மாதம் சித்தி வீட்டுப் பக்கம் போகவில்லை. அவளே ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் பழைய துணியில் சுற்றிய ஒரு ஏடு. பரணைத் துடைக்கும்போது கிடைத்ததாம்.

"இது அவளுக்க ஏடு தானே? எழுத்து பொடியாக்கும், எனக்குக் கண்ணு பிடிக்கல்ல. வாசிச்சுச் சொல்லு மக்கா."

படிக்கும் காலத்தில் பயிற்சிக்காக அவரவர் வீட்டு விளையை அளந்து வரச் சொன்ன ஏடு. முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசித்தேன். வீடு ஒன்று. தொழுவம் ஒன்று. பலா இரண்டு. மாமரம், அதற்கு எதிரே 'காய் புளிக்கும்'. சித்தி சிரித்தாள். நானும் சிரித்தேன். கடைசிப் பக்கம் விளையின் தெற்கு. தென்னை ஒன்று. அது சித்தப்பாவின் தென்னை. நான் வைத்திருந்த அதே பட்டியலின் அதே சின்ன வட்டம். அதற்கு நேரே குறிப்புக் கட்டத்தில், அச்சடித்த மாதிரி, 'அப்பா'. பக்கத்தில் வாத்தியாரின் சிவப்புக் கேள்விக்குறி.

"என்ன, நிறுத்திட்ட?"

"தென்னை ஒன்று" என்றேன். "குறிப்பு, அப்பா."

"பின்ன?"

"அவ்வளவுதான் சித்தி."

சித்தி அந்தப் பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுக் கேட்டாள். என்னைக் குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள்.

"ஒரு வார்த்த மதியா மக்கா?"

"போதும் சித்தி" என்றேன்.

ஏட்டை வாங்கி அதே துணியில் சுற்றிக்கொண்டு, இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று எழுந்தாள். புதுச் சாலை வழியாகப் போனால் பக்கம். அவள் வயல் வரப்பு வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள்.