அலைகரைக்குப் போகாதவர்கள்

எங்கள் ஊர்க் குளத்துக்கு மேலே, தண்ணீருக்கும் காட்டுக்கும் இடையில் கிடக்கும் புல்தரையை அலைகரை என்போம். சுற்றுலா வருகிறவர்கள் கூடாரம் அடித்துத் தங்க அங்கே ஓர் இடம் அமைக்கப்போகிறார்கள் என்று சென்ற ஆண்டு செய்தி வந்தது. நன்மை தீமைகளை ஊராரிடம் கேட்டறிய ஒரு பெண் உத்தியோகத்தர் பொதுநோக்கு மண்டபத்துக்கு வந்தார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவன் நான்தான். அதனால் படிவம் நிரப்பும் வேலையும் என்னிடம் வந்தது. பெருமையோடுதான் பேனையை எடுத்தேன்.

நன்மை இல்லையென்று சொல்லமாட்டேன். கொழும்புக்கு ஓடும் பெடியளில் நாலு பேருக்காவது ஊரிலேயே வேலை கிடைக்கும். சந்தியில் கடை வைத்திருக்கும் நானாவுக்கு வியாபாரம் கூடும். மறுபக்கம், கழிவறைக் குழி குளத்துக்கு மிகக் கிட்ட வருகிறது. யானை இறங்கும் பாதையும் அதுதான். எல்லாவற்றையும்விடப் பெரியது மாடுகளின் பிரச்சினை. மழைக்காலத்தில் காலபோக நெல் விதைப்புத் தொடங்கினால் ஊர் மாடுகள் வயற்பக்கம் நிற்க முடியாது. அறுவடை வரை அலைகரைதான். அதற்கு வேலி போட்டால் அம்மாவின் மாடுகள் எங்கே போகும்? அந்த மாடுகளின் பாலை விற்றுத்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தார்.

"அலைகரையை ஆராவது பாவிக்கிறீங்களோ?" என்று உத்தியோகத்தர் கேட்டார்.

"இல்லை மிஸ், அந்தப் பக்கம் ஒருத்தரும் போறேல்லை," என்றார் பக்கத்து வீட்டு மாமா.

"மாடு மேய்க்க?"

"மாடோ? எங்கட மாடெல்லாம் வீட்டு வளவுக்கதான் நிக்குது."

"விறகு பொறுக்க?"

"சீச்சீ, நாங்கள் காஸ் அடுப்பு."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார்கள். மாமா உடுத்திருந்த சாரம் முழுக்க அலைகரை நாயுருவி முள் ஒட்டியிருந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மிஸ்ஸைப் பார்த்து, "ஓம் மிஸ், ஒருத்தரும் போறேல்லை," என்றார்.

காட்டு உத்தியோகத்தருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில் அது. காட்டோரம் எல்லைக்கல் நட்டு, மாடு விட்டால் தண்டம் என்று சொன்ன நாளிலிருந்து, காகிதமும் பேனையுமாக யார் வந்து எதைக் கேட்டாலும் எங்கள் ஊர் அதைத்தான் சொல்லும். மலையகத்திலிருந்து வந்து பற்றை வெட்டிக் குடியேறிய சனம். இருக்கிற காணிக்கே உறுதிப் பத்திரம் இல்லாதவர்கள் மாட்டுக்குப் புல்லை எப்படி உரிமை கேட்பார்கள்? எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், சபையில் அம்மாவைப் பொய்யாக்க மனம் வராமல், ஒவ்வொரு கேள்விக்கும் 'இல்லை' என்று வடிவான எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் வாய் திறந்தது.

"அம்மா, அவா காட்டுக் கந்தோர் ஆளில்லை."

"ஆரா இருந்தா என்ன? எழுத வந்தவாதானே."

"இனி அது சும்மா கிடக்கிற நிலம் எண்டு முடிவெடுப்பினம்."

"அப்பிடியெண்டு நீதானே எழுதினனி."

அடுத்த நாளே மிஸ் வேலை செய்யும் கந்தோருக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். மிஸ் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "தம்பி, இது உங்கட எழுத்துத்தானே?" என்றார். ஆனாலும் இன்னொரு கூட்டம் வைக்கச் சம்மதித்தார். உண்மையைச் சொன்னால் மாடுகளைக் காப்பாற்றலாம் என்று வீடு வீடாகப் போய்த் தொண்டை வறளக் கதைத்தேன்.

அந்தக் கூட்டத்தில் மாமா முதல் ஆளாக எழும்பினார். "எனக்கு முப்பது மாடு மிஸ். எல்லாம் அலைகரையிலதான்."

"முப்பது மாடு வச்சிருக்கிற ஆள் ஏன் என்ட கடையில பால்மா வாங்குறீங்க?" என்றார் நானா.

மண்டபம் சந்தையாகிவிட்டது. ஒருவர் நாற்பது என்றார், இன்னொருவர் நாற்பத்தைந்து. மிஸ் பேனையை மூடினார். "தம்பி, வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டுக்கு வீடு சரியான எண்ணிக்கை தாங்கோ. கூடார இடத்தை வீதிப் பக்கம் மாத்தச் சொல்லி எழுதிறன். இல்லாட்டி முதல் படிவம்தான் மேலிடத்துக்குப் போகும்."

கொப்பியோடு மாமா வீட்டுக்குப் போனேன்.

"மூண்டு," என்றார்.

"கூட்டத்தில முப்பது எண்டியள்?"

"அது கதை. இது எழுத்து. நாளைக்கு ஆரும் இந்தக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து தண்டம் கட்டச் சொன்னா?"

அடுத்த வீட்டில் இரண்டு. அதற்கடுத்த வீட்டில், எல்லாவற்றையும் விற்றாயிற்றாம். கொட்டிலில் கன்று கத்திக்கொண்டிருந்தது. எனக்கு அழுவதா கொப்பியைக் கிழிப்பதா என்று தெரியவில்லை.

வியாழன் விடியற்காலை நானே அலைகரைப் பாதையில் போய் நின்றேன். மாட்டின் தொடையில் சுட்ட குறியைப் பார்த்தால் யாருடையது என்று தெரியும். மாடா நின்று எண்ணவிடும்? ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போயின. இரண்டு முறை அழித்து எழுதினேன். எங்கள் மாட்டுப் பட்டிக்குப் பின்னால் தடியோடு அம்மா வந்தார்.

"எங்கட மாட்டையும் எழுதிறியோ?"

"ஓம்."

"எத்தினை போட்டனி?"

"பதினொண்டு."

அம்மா கொப்பியைப் பார்த்தார். எழுத்துத் தெரியாதவர், ஆனாலும் பார்த்தார். பிறகு பற்றைப் பக்கம் தடியை நீட்டினார்.

"கறுப்பி அங்க நிக்குது. பன்னிரண்டு எண்டு போடு."

போட்டேன். மாமாவின் பெயருக்கு நேரே இடம் விட்டு நின்றேன்; அவருடைய மாடுகள் இன்னும் வரவில்லை.