வாளி நின்ற இடம்

அண்ணன் சென்னையில் ஒரு படகுக் கொட்டகையில் பல வருஷம் வேலை பார்த்தார். அதை விட்டு ஆரணிக்குத் திரும்பியபோது, அந்தக் கொட்டகையில் ஓரமாகப் போட்டிருந்த சின்னப் பாய்மரப் படகு ஒன்றை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு பேர் உட்காரலாம். தெருவே சிரித்தது. "ஆத்துலயே தண்ணியக் காணோம், இவரு கப்பல் வுடப் போறாராம்" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

அந்த வருஷம் மழை வெளுத்து வாங்கியது. ஊருக்கு வெளியே இருக்கும் ஏரி நிரம்பி, கலங்கல் வழியாகத் தண்ணீர் இரைச்சலோடு விழுந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் படகை இறக்கினார். நானும் ஏறிக்கொண்டேன். பட்டுச்சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது என் வேலை. வாரம் முழுக்கத் திரையையே பார்த்திருந்த கண்ணுக்கு அந்தப் பரந்த வெளிச்சம் சுகமாக இருந்தது.

நடு ஏரியில் காற்று திடீரென்று பலத்தது. பாய்மரத்தை இழுத்துப் பிடித்திருந்த கம்பி அறுந்து, மரம் பாயோடு தண்ணீரில் சாய்ந்தது. இருவரும் அதை வாரி உள்ளே போட்டோம். இருந்தது ஒரே துடுப்பு. காற்றுக்கு எதிராக அண்ணன் அதை அழுத்திப் போட, நடுவில் முறிந்தது. படகு பக்கவாட்டில் திரும்பி, ஏரிக்கரை ரோட்டுப் பக்கம் ஒதுங்கி, அதை ஒட்டியே கலங்கலை நோக்கிப் போக ஆரம்பித்தது.

"இன்னா ண்ணா, போயிகினே இருக்குதே!"

"கத்தாத. அந்த பக்கெட்ட எடு."

படகில் சேரும் தண்ணீரை மொண்டு ஊற்ற வைத்திருந்த இரும்பு வாளி அது. அண்ணன் நீளக் கயிற்றின் ஒரு முனையை அதன் பிடியில் கட்டினார். மறுமுனையைப் படகின் மூக்கில் முடிந்தார். "இத்த உள்ள வுட்டா தண்ணியப் புடிச்சிக்கும். மூக்கு காத்துப் பக்கம் திரும்பிடும். நிக்காது, ஆனா மெதுவாப் போவும். அதுக்குள்ள கரையில யாராவது பாத்துடுவாங்க."

வாளியைப் போட்டார். கயிறு விறைத்தது. அவர் சொன்னபடியே படகு திரும்பி, காற்றை நேராக வாங்கியது. கரை மரங்கள் நகரும் வேகம் பாதியாகக் குறைந்தது. நான் கயிற்றைப் பிடித்திருந்தேன். வாளி தண்ணீரில் இழுபட்டு வரும் அதிர்வு உள்ளங்கையில் தெரிந்தது.

சட்டென்று அந்த அதிர்வு அடங்கியது. படகு நின்றுவிட்டது.

"நிக்கக் கூடாதே" என்றார் அண்ணன். குரல் மாறியிருந்தது. "வெறும் பக்கெட்டு படக நிறுத்தாது."

அவர் கயிற்றை இழுத்தார். நானும் சேர்ந்து இழுத்தேன். கீழிருந்து என்னவோ கொஞ்சம் ஏறி வந்தது, மறுபடி இழுத்துக்கொண்டது. ஒருவர் கையை உதறுவது போல. மூன்றாம் முறை மூச்சுப் பிடித்து இழுத்தபோது, கலங்கிய தண்ணீருக்குள் வாளி தெரிந்தது. அதன் பிடி ஒரு மோட்டார்பைக்கின் ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தது. ஹேண்டில் பிடியைச் சுற்றி நெருக்கமாக நூல். ஒரு கணம்தான். எங்கள் கை தளர்ந்ததும் அது உள்ளே போய்விட்டது.

அந்த நூலை எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் ஒரு நெசவாளி தறியில் மிஞ்சும் பட்டுநூலைத் தன் பைக் பிடியில் அப்படிச் சுற்றி வைத்திருப்பார். போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் பைக்கில் கிளம்பியவர் திரும்பவில்லை. வேலூரில் ஒரு பெண்ணோடு இருக்கிறார் என்றார்கள். கண்ணமங்கலம் பஸ் ஸ்டாண்டில் நேரிலேயே பார்த்ததாக ஒருவர் சத்தியம் செய்தார். அவர் மனைவி நூல் சுற்றிப் பிழைத்துக்கொண்டு, அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் நடமாடினார்.

கரைமேல் போனவர்கள் எங்களைப் பார்த்துவிட்டார்கள். கயிறு வீசி எங்களை இழுத்தார்கள். இடம் தெரிவதற்காக அண்ணன் வாளிக் கயிற்றின் முனையில் ஒரு காலிக் கேனைக் கட்டி மிதக்கவிட்டு வந்தார். 

மறுநாள் போலீசும் தீயணைப்புக்காரர்களும் வந்து பைக்கைத் தூக்கினார்கள். கோடையிலும் வற்றாத அந்தப் பள்ளத்துச் சேற்றில் அவரும் இருந்தார். இடுப்பில் கட்டியிருந்த வெள்ளி அரைஞாணைக் காட்டிக் கேட்டபோது, அவர் மனைவி அழவில்லை. கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "ஓடிப் போவலயே" என்றார். "இங்கதான இருந்தாரு. ஓடிப் போவலயே." அதற்குப் பிறகுதான் கீழே உட்கார்ந்தார்.

அண்ணன் படகைச் சென்னைக்கே திருப்பி அனுப்பிவிட்டார். ஏரியைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். எனக்கு அப்படி எழுந்து போக வழியில்லை. பஸ்ஸில் யாராவது என் பையைத் தெரியாமல் இழுத்தால்கூட உள்ளங்கை மரத்துப்போகிறது.

நெசவாளியின் மனைவி, அந்த அக்கா, இப்போதும் அவ்வப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறார். டீ குடித்து முடிக்கும்வரை விலைவாசி, சொந்தக்காரர் கல்யாணம் என்று பேசிக்கொண்டிருப்பார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்பார்.

"நீ இழுத்தப்போ, அந்தாண்டயிருந்து இழுத்தாப்புல இருந்துச்சாம்மா?"

"பைக்கு வெயிட்டுக்கா. சேத்துல மாட்டிகினு இருந்துச்சி."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க்கா."

அவர் என் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் கைகளை மடியில் மூடி வைத்துக்கொள்வேன்.